மெல்லச் செரிக்கும் மாவுச்சத்து

(பெருங்களத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி சாலையோரம் காலை நேரத்தில் கூழ் வண்டிகள் நிற்கின்றன. நடைப்பயிற்சி முடித்தவர்கள் ஒரு சொம்பு ராகிக் கூழோ கம்பங்கூழோ குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். வீட்டில் ராத்திரிச் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிட்டது. சில வீடுகளில் ஓட்ஸ் கஞ்சி. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: அரிசி சர்க்கரையை ஏற்றும், ராகியும் கோதுமையும் ஏற்றாது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி தவறு. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே, சோற்றையும் விட்டுவிட்டு, ‘இன்னும் ஏன் குறையவில்லை’ என்று கேட்கிறவர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்தத் தவறிலிருந்து வருகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: ரத்தச் சர்க்கரை எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பதைத் தானியத்தின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. செரிமான நொதிகள் அந்த மாவுச்சத்தை எத்தனை வேகத்தில் சென்றடைகின்றன என்பது தீர்மானிக்கிறது. அந்த வேகமோ தீட்டுவதிலும், அரைப்பதிலும், வேகவைப்பதிலும், கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

நோயின் அளவை முதலில் பார்த்துவிடலாம். சென்னை நகரத்தில் வயதுவந்தோரிடையே நீரிழிவு 1989-இல் நூற்றுக்கு 8.3. சென்னையில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 26,001 பேரைப் பரிசோதித்து நடத்திய ‘க்யூர்ஸ்’ ஆய்வு 2004-இல் அது 14.3 ஆகிவிட்டதைக் காட்டியது. பதினைந்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் பரம்பரை மாறிவிடாது, மாறியது வாழ்க்கை. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் கணக்கில் நாடு முழுவதும் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4. அதே ஆய்வுக் குழு 2025-இல் நம் உணவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரை. ஆக, நம் தட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் ஒன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மாவுச்சத்து வயிற்றுக்குள் போனபின் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. நேராக நீளும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர்; கிளைகிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். கிளைத்ததை நொதி பல முனைகளிலிருந்து ஒரே சமயத்தில் கடிக்கலாம். நேரானது நெருங்கி அடுக்கிக் கிடப்பதால் எளிதில் இடம் கொடுக்காது. அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரி உதிரியாக நிற்பதும், அது குறைந்த அரிசி குழைந்து ஒட்டுவதும் இதனால்தான். பச்சையாக இருக்கும்போது இந்தச் சங்கிலிகள் இறுகிய மணிகளாக இருக்கின்றன. கொதிநீரில் மணி நீரை உறிஞ்சி, வீங்கி, வெடிக்கிறது. அதன்பின் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதியும் கணையம் சுரக்கும் அமைலேஸும் சங்கிலியைத் துண்டாக்க, சிறுகுடல் சுவரில் இருக்கும் நொதிகள் துண்டுகளைக் குளுக்கோஸாகப் பிரித்து உள்ளே அனுப்புகின்றன. குடலின் முதல் பகுதியிலேயே இத்தனையும் முடிந்துவிட்டால் குளுக்கோஸ் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். வயதுவந்த ஒருவரின் ரத்தம் முழுவதிலும் சாதாரணமாக இருக்கும் குளுக்கோஸ் நாலைந்து கிராம்தான். நான்கு இட்லியில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து. நாலைந்து கிராமைக் காத்துவரும் ஏற்பாட்டுக்குள் ஒரு மணி நேரத்தில் அதைப்போல் பத்து மடங்கு வந்து நுழைகிறது என்றால் கணையத்தின் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே நீர் பல நாளாக மதகு வழியே வந்திருந்தால் ஆற்றோடு போயிருக்கும். ஒரே இரவில் வந்தது வீட்டுக்குள் புகுந்தது. மெல்லச் செரிக்கும் மாவுச்சத்து மதகு வழி வரும் நீர். அது சிறுகுடலின் கடைக்கோடி வரை போகிறது. அங்கேதான் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மிகுதியாக உள்ளன. அது இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, போதும் என்ற நிறைவையும் மூளைக்குத் தெரிவிக்கிறது. அங்கேயும் செரிக்காமல் எஞ்சுவது பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் பெரிதும் நம்பி வாழ்வது அதைத்தான்.

மாவுச்சத்தை வேகத்தின்படி பிரித்தவர் பிரிட்டனின் ஹான்ஸ் இங்லிஸ்ட். 1992-இல் அவரும் அவருடைய குழுவும் வகுத்த ஆய்வக முறையில் இருபது நிமிடத்துக்குள் செரிப்பது விரைவு வகை, இருபதிலிருந்து நூற்றிருபது நிமிடம் வரை எடுப்பது மெதுவகை, அதற்குப் பின்னும் நிற்பது செரிமானத்தை எதிர்க்கும் வகை. அதற்கு முன்பே, 1981-இல், டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்திருந்தார். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஒவ்வோர் உணவும் சர்க்கரையை அதோடு ஒப்பிட எவ்வளவு ஏற்றுகிறது என்று சொல்லும் எண் அது. இந்த எண்களை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது, உணவை மாற்றாமல் அதன் உருவத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வுகள். 1977-இல் பிரிட்டனில் ஆப்பிளை முழுதாகவும் கூழாகவும் சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையின் அளவு மூன்றிலும் ஒன்றே. ஆனாலும் சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகம் சுரந்தது, பிறகு சர்க்கரை சடாரென்று இறங்கியது, பசியும் சீக்கிரம் எடுத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவில் கெரின் ஓடே அரிசியையே எடுத்துக்கொண்டார். முழு மணியாக வெந்த அரிசியை விட, அரைத்து வேகவைத்த அரிசி சர்க்கரையையும் இன்சுலினையும் கூடுதலாக ஏற்றியது. தவிடு நீக்காத அரிசியும் அரைத்தபின் அந்தப் பாதுகாப்பை இழந்தது. கூழ் வண்டிக்கு அருகே நின்று யோசிக்க வேண்டிய ஆய்வு இது.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வும் இருக்கிறது. பொன்னி, சோனா மசூரி, சூர்த்தி கோலம் என்று நாம் வழக்கமாக வாங்கும் அரிசிகளை மோகனின் நிறுவனத்தில் சோதித்தார்கள். கிளைசெமிக் இண்டெக்ஸ் பொன்னிக்கு 70.2, சோனா மசூரிக்கு 72, சூர்த்தி கோலத்துக்கு 77. மூன்றுமே உயர்ந்த வரிசை. பிறகு ஒரே புழுங்கல் நெல்லை எடுத்து மூன்று விதமாக வைத்துப் பார்த்தார்கள். உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடு இருந்த அரிசி 57.6. தவிட்டில் சிறிதளவு, அதாவது எடையில் 2.3 விழுக்காடு மட்டும் தீட்டியது 73. கடையில் வாங்குவதுபோல் வெளுக்கத் தீட்டியது 79.6. இடைப்பட்ட எண்ணைக் கவனியுங்கள். ‘லேசாகப் பாலிஷ் போட்டது’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் அரிசி, சர்க்கரைக் கணக்கில் வெள்ளை அரிசியின் பக்கம்தான் நிற்கிறது. தவிட்டு உறை முழுதாக இருக்கும்வரை நீர் மணிக்குள் மெல்லப் புகுகிறது, மணி முழுதாகக் குழைவதில்லை, நொதிக்கும் வழி குறுகல். உறையில் கீறல் விழுந்தாலே அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது.

இது வெறும் ஆய்வகக் கணக்கு, இரண்டு மணி நேரச் சர்க்கரை ஏற்றம் வாழ்நாள் நோயாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. க்யூர்ஸ் ஆய்வில் 1,843 பேரின் உணவைக் கணக்கெடுத்தபோது, தீட்டிய தானியத்தை மிக அதிகமாகச் சாப்பிட்ட கால் பங்கினரிடம், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விடப் புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவுக்கான வாய்ப்பு சுமார் ஐந்து மடங்காக இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. 2020-இல் வந்த ப்யூர் ஆய்வு 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட நீரிழிவு வரும் வாய்ப்பு எல்லா நாடுகளையும் சேர்த்து 20 விழுக்காடும், தெற்காசியாவில் மட்டும் 61 விழுக்காடும் கூடுதல். 450 கிராம் சோறு என்றால் மூன்று கிண்ணம். நம் வீடுகளில் மதியத்துக்கு மட்டுமே இரண்டு கிண்ணம் போய்விடும்.

உணவு ஆய்வுகளில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. கைக்குத்தல் அரிசி சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார்; பலன் எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேகத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வழி இல்லையா என்றால், இருக்கிறது, மாத்திரை வடிவில். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மருந்துகளை உங்களில் சிலர் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுகிறீர்கள். குடல் சுவரில் மாவுச்சத்தைக் கடைசியாகப் பிரிக்கும் நொதியைத் தடுப்பதுதான் அவற்றின் முதன்மையான வேலை. அதே உணவு, அதே ஆள், வேகம் மட்டும் குறைகிறது. 2002-இல் வெளியான ஸ்டாப்-நிட்டம் ஆய்வில் நீரிழிவின் வாசலில் இருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு அகார்போஸும் மற்றொரு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றேகால் ஆண்டுகளில் வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு நீரிழிவு வந்தது. அகார்போஸ் போட்டவர்களில் 32 பேருக்கு. செரிமானத்தை மெதுவாக்குவதே பலன் தரும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன்.

இனி எதிர்வாதங்கள். வலுவானதிலிருந்தே தொடங்குகிறேன். சென்னையிலேயே நடந்து 2019-இல் வெளியான ஒரு சோதனையில் எடை கூடிய 166 பேருக்கு மூன்று மாதம் வெள்ளை அரிசியும் மூன்று மாதம் கைக்குத்தல் அரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெட்டிருந்தவர்களிடம் மட்டும் சிறிது குறைந்தது. அதற்கும் மேலாக, 2025 இந்தியாப் கட்டுரையின் முடிவு: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் அரைத்த முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் நீரிழிவு வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. அப்படியானால் மெதுவாகச் செரிப்பது என்ற பேச்சே வீண்தானே என்று கேட்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தக் கட்டுரையில் மாற்றாகக் கணக்கிடப்பட்டது பெரும்பாலும் மாவாக அரைத்த தானியம். ஓடே 1980-இல் காட்டியதுபோல், அரைத்தபின் மெதுவாகச் செரிக்கும் குணம் பெருமளவு போய்விடுகிறது. பெயர் மாறியது; வேகம் அவ்வளவாக மாறவில்லை. அந்த முடிவு என் வாதத்துக்கு எதிரானதல்ல, கூழையும் சப்பாத்தியையும் பற்றிய நம் நம்பிக்கைக்கு எதிரானது. ஆனால் அதன் இன்னொரு பாதியை மறுக்க வழியில்லை: அளவு குறையாமல் வேகத்தை மட்டும் நம்புவது தவறு. மதகு வழியே வந்தாலும் ஆறு தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. மொத்தக் கலோரியில் ஐந்து விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பருப்பு, தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே வாய்ப்பு குறைகிறது என்று அதே கட்டுரை காட்டுகிறது.

அடுத்த எதிர்வாதம் எல்லோரும் சொல்வது: தாத்தாவும் பாட்டியும் மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஏன் வரவில்லை? அவர்கள் சாப்பிட்டது உரலில் குத்திய, தவிடு ஒட்டிய புழுங்கல் அரிசி. அதுவும் எல்லா நாளும் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கம்பும் சோளமும் வரகும் சாதாரண நாளின் உணவு. நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கானது. கம்பையும் வரகையும் அன்று முழு மணியாகவோ கொரகொரப்பாக உடைத்தோதான் பொங்கினார்கள். வயலில் செலவான உழைப்பு வேறு. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்று நெல் ஆலையில் உமி நீங்கி, தவிடும் தீட்டப்பட்டு வெளுத்து வருகிறது. சாப்பிட்டவர் தாம்பரத்தில் ரயில் ஏறி, நாற்காலியில் ஒன்பது மணி நேரம் இருந்துவிட்டு வருகிறார். நடையின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் உணவு, நடை இரண்டையும் மாற்றியதால் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

ஆளுக்கு ஆள் வேறுபடும்போது குறியீட்டு எண்ணுக்கு என்ன மதிப்பு என்பது மூன்றாவது கேள்வி. இஸ்ரேலில் 800 பேரிடம் தொடர் சர்க்கரைக் கருவியைப் பொருத்திப் பார்த்த 2015 ஆய்வு, ஒரே உணவு இருவருக்கு மிக வேறுபட்ட ஏற்றத்தைத் தருவதைக் காட்டியது. எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு அது நல்ல காரணம். ஆனால் வீட்டிலேயே விரல்நுனிக் கருவி வைத்திருப்பவர் நம்மில் எத்தனையோ பேர். காலை வெறும் வயிற்றில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நாள் இட்லிக்குப் பின் இரண்டு மணி நேரத்தில், இன்னொரு நாள் கூழுக்குப் பின், வேறொரு நாள் சுண்டலுக்குப் பின் பார்த்தால் உங்கள் உடம்பின் பதில் உங்களுக்கே தெரியும்.

சுண்டலைச் சும்மா சொல்லவில்லை. நம் சமையலறையில் மெதுவாகச் செரிக்கும் பொருள் என்று ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் நான் ஊறவைத்து வேகவைத்த முழுக் கொண்டைக்கடலையைத்தான் காட்டுவேன். வெந்த கடலையை விரலால் நசுக்கினால் அது குழம்பாகாமல் மாவுமாவாக உதிர்கிறது. அந்த ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் உடையாத செல். உள்ளே மாவுச்சத்து மணிகள் செல்சுவருக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நொதி அந்தச் சுவரைத் துளைத்து நுழையத் தாமதமாகிறது. அதே கடலையைக் கடலை மாவாக்கினால் சுவர் கிழிந்துபோகும். பயறும் காராமணியும் மொச்சையும் இதே குலம். காலையில் இப்படிப்பட்டதைச் சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்கும் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்பதை ஜென்கின்ஸ் 1982-இலேயே பருப்பை வைத்துக் காட்டினார். சென்னையில் எடை கூடிய 15 பேரிடம் ஐந்து நாள் நடந்த சிறு சோதனையில் வெள்ளை அரிசியை விடக் கைக்குத்தல் அரிசி நாள் முழுவதின் சர்க்கரை ஏற்றத்தை 19.8 விழுக்காடு குறைத்தது. அதனோடு பயறும் சேர்ந்தபோது 22.9.

பழைய சோற்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன, அது நொதிக்கு எளிதில் வசப்படாது. இதில் உண்மை உண்டு. 2015-இல் இந்தோனேசியாவில் அளந்தபோது அப்போது வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த எதிர்ப்பு மாவுச்சத்து, ஒரு நாள் குளிரில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம் ஆனது. சாப்பிட்டவர்களின் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. ஆனால் கூடியது ஒரு கிராம்தான். சோற்றில் மாவுச்சத்து நூற்றுக்கு 28 கிராம் அளவில் இருக்கிறது. பழைய சோறு நல்ல உணவு. சுகருக்கு மருந்து என்று சொல்வது மிகை. சிறுதானியமும் அப்படித்தான். பல ஆய்வுகளைத் திரட்டிய 2021 கணக்கில் சிறுதானியங்களின் சராசரிக் குறியீடு 52.7, தீட்டிய அரிசியை விட நன்றாகவே குறைவு. சாமையையோ வரகையோ மணி மணியாகச் சோறாக வடித்தால் அந்தப் பலன் கிடைக்கலாம். கடையில் விற்கும் சத்துமாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால், மெல்ல வேண்டியதும் இல்லை, குடல் உழைக்க வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு, ரேஷன் அரிசியை நம்பும் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். 2011-இலிருந்து தமிழ்நாட்டில் அந்த அரிசி இலவசம். பட்டினியை விரட்டிய அந்தத் திட்டத்தைப் பழிக்க எனக்கு வாய் வராது. அதில் வரும் புழுங்கல் அரிசி பச்சரிசியை விடக் கொஞ்சம் மேல். நெல்லிலேயே வேகவைத்து உலர்த்தும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகுகிறது. குக்கரில் குழையவிடாமல் உதிரியாக வடிப்பதற்குப் பணம் தேவையில்லை. வரிசையை மாற்றுவதற்கும் தேவையில்லை. நியூயார்க்கில் 11 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான சிறு ஆய்வில் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரச் சர்க்கரை 37 விழுக்காடு குறைந்திருந்தது. பொரியலையும் கூட்டையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றில் கை வைப்பது நம் பந்தி வழக்கத்தில் இல்லாதது, ஆனால் பந்தி தினமும் நடப்பதில்லை. அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ரேஷனில் துவரம்பருப்பு மலிவாகக் கிடைப்பதுபோல முழுக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் எல்லா மாதமும் கிடைக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2021-இலிருந்து சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த மாத்திரையின் தேவையைக் குறைக்கும் பயறு அதே தெருவின் ரேஷன் கடைக்கு வருவது கடினமான காரியமல்ல.

செரிமானத்தை மெதுவாக்குவதில் சங்கடமும் உண்டு. பெருங்குடலில் புளிக்கும்போது வாயு உண்டாகிறது, வயிறு உப்பும். அகார்போஸ் போட்டவர்கள் பலர் அதனால்தான் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பயறையும் தவிட்டரிசியையும் பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் நிறைக்காமல், சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும், நுண்ணுயிர்களும் பழகிக்கொள்ளும். நெடுநாள் நீரிழிவால் இரைப்பையின் நரம்பு தளர்ந்தவர்களுக்கு நார்மிகுந்த உணவு தேங்கி நின்று தொல்லை தரலாம். இன்சுலின் போடுபவர்களும் கிளைமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருந்து வேகமாகவும் சோறு மெதுவாகவும் வந்தால் நடுவில் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்படித் தாழும்போது, அகார்போஸோ வோக்லிபோஸோ எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரையையோ மிட்டாயையோ கொடுத்தால் உடனே பலன் தராது. அதைப் பிரிக்கும் நொதியையும் அந்த மருந்து தடுத்து வைத்திருக்கிறது. அவருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் பொடி. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த மாத்திரை உள்ள வீட்டில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.